கையோடு வந்த நோட்டீஸ்

நேற்று மாலை என் மகள் செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி மாணவர்களுக்கான ஆராய்ச்சிப் பயிற்சிகளைத் தேடுகிறாளாம். "எதுக்கு அப்ளிகேஷன் போடறதுன்னே தெரியலம்மா, அவ்ளோ இருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எதிர் ஃபிளாட்டில் யாரோ பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறாமலேயே நான் பிறந்து வளர்ந்த சதுரங்கப்பட்டினம் போய்விட்டேன்.

பினாயில் என்றால் எனக்கு அம்மாதான். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர்களின் பிள்ளைகள் படித்த ஒரு தனியார் பள்ளியில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. நான் படித்தது அரசுப் பள்ளி. லீவில் இரண்டு வாரம் நிலையத்து லேபுக்குள் விட்டு ஆராய்ச்சி சொல்லித்தருவார்கள், ஆனால் நோட்டீஸ் அந்தப் பள்ளிக்குத்தான் வரும் என்று எங்கள் பிசிக்ஸ் டீச்சர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு இறங்கியது, அது வேறு விஷயம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய டிபன் டப்பா மூடியின் உள்பக்கம், காம்பஸ் முனையால் 'ரிசர்ச்' என்று இங்கிலீஷில் பெரிதாகக் கீறிக் கொடுத்தேன். போர்டில் இதே மாதிரி இருந்தால் சொல் என்றேன்.

"மொத எயுத்து இன்னாடி, ஒரு கால நீட்டிக்கினு நிக்குது?" என்றாள்.

தினமும் மூடியைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த நோட்டீஸ். கூடவே நாலு குண்டூசி.

"ஐயோ, இதையே எடுத்தாந்துட்டியா?"

"பின்ன? எய்திக்கினு வர எனக்குத் தெரியுமா? படிச்சிட்டுக் குடு. திங்கக்கெயம பெல்லு அடிக்கறதுக்குள்ள குத்திட்றேன்."

மாட்டினால் அவள் வேலை போய்விடும். ஆனாலும் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் காப்பி எடுத்தேன். ஆசை அப்படி. சனிக்கிழமை அம்மாவுக்கு லீவு. பிள்ளைகளுக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ் என்பது எனக்குத் தெரியாது. திங்கள் சாயங்காலம், யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன்.

"யார் பாக்கப் போறா?" என்று மீன் கழுவப் போனாள்.

நோட்டீஸில் இருந்த விலாசத்துக்கு எழுதிப் போட்டேன், எனக்கு இடம் கிடைத்தது. பிறந்ததிலிருந்து குடித்துத் துப்பிய கடல் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சோதித்தபோது பெரிய விஞ்ஞானி என்றே நினைப்பு. வீட்டுக்கு வந்தும் பேச்சு ஓயாது. ஒருநாள் அம்மா சோறு போட்டபோது கையிலிருந்து நெடி தூக்கியது.

"ஏம்மா இப்படி நாறுது?"

"புது பினாயிலு. காட்டமா கீது."

உண்மையை அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில்தான் கேட்டேன். அவளோடு வேலை செய்த அஞ்சலை அக்கா சொன்னாள். சனிக்கிழமையே நோட்டீஸைத் தேடியிருக்கிறார்கள். திங்கள் காலை குண்டூசியும் கையுமாக அம்மா பிடிபட்டாள். வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்த வருஷம் முழுக்கக் கக்கூஸ் கழுவவிட்டார்கள்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. அங்கே ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. டப்பா மூடி என்னிடம்தான் இருக்கிறது, தேய்த்துத் தேய்த்து எழுத்து போய்விட்டது.

"நீ போன பயிற்சிய உனக்கு யாரும்மா தேடிக் குடுத்தா?" என்றாள் மகள்.

"உங்க ஆயா."

"ஆயாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

ஒரு வார்த்தை தெரியும் என்றேன். அந்தக் கையைப் பார்த்து நாறுது என்று சொன்னேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவள் இல்லை.