மருந்தகத்தில் பிள்ளையார்

கொடிகாமம் தாண்டியதும் மகளின் காலில் கட்டிய துணி இரத்தத்தில் நனைகிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வீதியோரத்து அரசாங்க மருந்தகத்தில் இறங்குகிறோம். போன கிழமை வீட்டில் ஷெல் விழுந்தபோது, உடைந்த கூரையோட்டை மிதித்து உள்ளங்கால் கிழிந்தவள்.

வாசலெல்லாம் செருப்புகள். உள்ளே, மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில் மாலை போட்ட பிள்ளையார் சிலை. தரையில் சேறும் அழுக்குப் பஞ்சும்.

“பிள்ளை, செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்” என்று வாசலில் நிற்கும் சிற்றூழியர் மறிக்கிறார். மகள் குனிகிறாள். நான் அவள் கையைப் பிடிக்கிறேன்.

“புண்ணோடை வெறுங்காலிலை எப்பிடி நடக்கிறது? இது கோயிலே, ஆஸ்பத்திரியே?”

“நெத்தி நிறையத் திருநீறு, கதை மட்டும் உப்பிடி! சுத்திவர ஷெல் விழுந்தும் இந்தக் கட்டடத்திலை ஒண்டும் விழேல்லை, அண்ணை. எல்லாம் பிள்ளையாரின்ரை காவல்.”

“எங்கடை வீட்டு வாசலிலையும் அவர்தான் இருந்தவர்.”

எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் வீட்டில் நான் யாரைக் கும்பிட்டாலும் அது என் பாடு. இது எல்லாருடைய வரியிலும் கட்டிய கட்டடம். சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரரும் முஸ்லிம்களும் இதே புண்ணோடுதான் இங்கே வருகிறார்கள். அரசாங்கம் பௌத்த மதத்துக்கு மட்டும் முதலிடம் கொடுத்ததென்று கொதித்தவர்கள் நாங்கள். எங்கள் கையில் கிடைத்த ஒரு வாசலில் என்ன செய்திருக்கிறோம்?

“சரி, பிள்ளை செருப்போடை போகட்டும். நீங்களாவது கழட்டுங்கோ” என்கிறார்.

மகளைத் தாங்கிக்கொண்டு நானும் செருப்போடே படியேறுகிறேன்.