பதிவுத் தபாலில் போன பெட்டிசம்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சலூனில் இருந்தது நாலு பேர். கத்தி பிடித்தபடி சலூன்காரர். கதிரையில், முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு, டொக்யார்டில் ஃபிற்றராக இருந்து வேலை போனவர். சுவரோர நீள வாங்கில், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் நிற்கிற நானா. அவருக்குப் பக்கத்தில், எச்.எஸ்.சி. வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான். இல்லாதவன் ஒருவன், எங்கள் கல்லூரிக் காற்பந்துக் குழுவில் முன்வரிசை இடப்பக்கம் ஓடிக் கோலடிக்கிற லெஃப்ற் அவுட். கதை முழுக்க அவனைப் பற்றித்தான் நடந்தது. அன்றைக்கு அவன் அங்கே வந்திருந்தால் ஒரேயொரு வசனம் சொல்லி அதை நிறுத்தியிருக்கலாம்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். சம்பளம் எடுக்கப் பெருவிரல் வைக்கிறவர். அவருடைய அண்ணன் தம்பிமாரும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள் நான் என்பதால் வீட்டில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. பேச்சுத்துணைதான் இல்லை. சலூனில் அது கிடைத்தது. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை உரத்து வாசிப்பேன். வாக்குவாதம் முற்றினால் சலூன்காரர் என் பக்கம் திரும்பி, “படிச்ச பொடியன் சொல்லட்டும்” என்பார். எனக்குப் பந்தடிக்கத் தெரியாது. பந்து வந்தால் விலகி நிற்கிறவன். அந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காகத்தான் சனிக்கிழமை தவறாமல் போனேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

வெள்ளைக்காரனின் கடற்படை போய் நாலைந்து வருடம். டொக்யார்ட் வேலை இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நிரந்தர வேலை என்றால் துறைமுகம். அதற்குள் நுழைவது லேசில்லை. ஒரு குறுக்கு வழி மட்டும் இருந்தது. துறைமுகத்துக் காற்பந்துக் குழுவுக்கு ஆள் பிடிக்கிற அதிகாரி ஒருவர், இரண்டு கல்லூரிகள் மோதுகிற பெரிய மச்சைப் பார்க்க வருடாவருடம் வருவார். அவர் கண்ணில் பட்ட ஒருவனுக்கு அடுத்த மாதம் வேலைக் கடிதம் வரும். லெஃப்ற் அவுட்டின் தகப்பன் மூதூருக்கு அப்பால் இலங்கைத்துறையில் அடுத்தவன் கரைவலை இழுக்கிறவர். ஒரு கண்ணில் பார்வையும் போய்விட்டது. அவனுக்குக் கீழே நாலு தங்கச்சிமார். ரவுணில் மாமி வீட்டில் நின்று, எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தான். படிப்பு ஏறவில்லை. அந்த மச் அவனுக்கு விளையாட்டு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மச்சுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கோச் அவனை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்னால், கோலைக் காக்கிற லெஃப்ற் பாக்கில் விட்டுப் பழக்கத் தொடங்கினார். கோச் எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் கலைப் பிரிவு என்பதால் எனக்குப் படிப்பித்ததில்லை.

சலூன்காரர் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, பலகையில், குழுவை அடுக்கி வைத்திருந்தார். பவுடர் ரின் கோல் கீப்பர். சீப்பும் பிரஷும் மற்றவர்கள். கத்தரிக்கோல்தான் லெஃப்ற் அவுட்.

“இஞ்ச பாருங்கோ” என்று கத்தரிக்கோலை எடுத்துப் பவுடர் ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். “யாழ்ப்பாணத்து மாஸ்ரர் கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ப் பவுடருக்குக் காவல் வைச்சிருக்கிறார். இனி இது வெட்டுமோ, மணக்குமோ?”

“அவர் கணக்கு மாஸ்ரர் எல்லோ” என்றார் நானா. “கழிக்கத் தெரியும். கூட்டத் தெரியாது.”

“பழைய கோச் இருந்திருந்தா...” என்று ஃபிற்றர் தொடங்கினார். சலூன்காரர் உடனே கத்தியைக் கழுத்தில் வைத்தார். ஃபிற்றர் வாயை மூடிக்கொண்டார். சலூன்காரர் வாதத்தில் வெல்லுகிற முறை அது. தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை கத்தி தொண்டையை விட்டு நகராது.

“பழைய கோச்சைப் பற்றி இவர் கதைக்கப் போறார்” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். “அந்த மனிசன் பொல்லால அடிச்சுப் பழக்கினவர். அடிச்ச அடிக்கு மூண்டு வருசம் தோத்தம்.” பிறகுதான் கத்தியை எடுத்தார்.

“தோத்தாலும் ஆம்பிளையள் மாதிரித் தோத்தம்” என்றார் ஃபிற்றர், நுரையைத் துப்பிக்கொண்டு. “இவர் வந்து பந்தைத் தரையில உருட்டு எண்டுறார். பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு எண்டு கத்துறார். கலியாண வீட்டில வெத்திலைத் தட்டம் பாஸ் பண்ணுற மாதிரி.”

“எண்டாலும் அவங்கட ரைட் அவுட்டைப் பாத்தீங்களா? குதிரை” என்றார் நானா. “அவனுக்கு ஆள் வைக்காட்டி அரை மணித்தியாலத்தில மூண்டு கோல்.”

“நாங்கள் நாலு அடிச்சாச் சரிதானே” என்றார் சலூன்காரர்.

“ஆர் அடிக்கிறது? உங்கட சீப்போ?”

நான் சிரித்தேன். ஃபிற்றர் சிரிக்கவில்லை. “இது பொடியன்ர வாழ்க்கை, அண்ணை” என்றார். “துறைமுகத்து ஆள் வந்து பாக்கிற நேரம் இவன் கோலடிக்காமப் பின்னால நிண்டா ஆர் காணுறது? பாக்கில நிக்கிறவனை அவன்ர தாய்கூடப் பாக்கமாட்டா.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் நாலு பேருக்கும் அந்தப் பொடியன்மேல் உண்மையான பாசம் இருந்தது. அதில் பொய் இல்லை.

“பெட்டிசம் போடுவம்” என்றார் ஃபிற்றர். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் பெட்டிசம்தான், பிடிக்காத வாத்தியாரை மாற்றுவதற்கும் பெட்டிசம்தான். கையெழுத்து இல்லாமல் போனால் மொட்டைப் பெட்டிசம். “மொட்டைக்குச் சலூனைவிட நல்ல இடம் எங்க இருக்கு” என்றார் நானா.

நான் எழுதினேன். கல்விக் கந்தோருக்கு, முழு அளவுக் கடதாசியில், இரண்டு பக்கம். லெஃப்ற் அவுட்டின் பெயரை ஒரு பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். ஏழை மீனவன் மகன் முன்னுக்கு வருவதைப் பொறுக்காத பொறாமையால் கோச் இதைச் செய்கிறார் என்றும் போடச் சொன்னார் ஃபிற்றர். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வசனம் நன்றாக அமைந்துவிட்டது. வாசித்துக் காட்டியபோது சலூன்காரர் கத்தி தீட்டுகிற வாரை விட்டுவிட்டுக் கேட்டார். அதனால் விட்டுவிட்டேன். கடைசியில் ‘இங்ஙனம், கல்லூரியின் நலன் விரும்பிகள்’ என்று முடித்தேன்.

“சும்மா முத்திரை ஒட்டிப் போட்டாக் குப்பையில போட்டிடுவாங்கள்” என்றார் ஃபிற்றர். “ரெஜிஸ்ரர் பண்ணவேணும். ரெஜிஸ்ரர் கடிதத்தைக் கையெழுத்து வைச்சுத்தான் எடுக்க ஏலும். கையெழுத்து வைச்சு எடுத்தவன் வாசிச்சுத்தான் ஆகவேணும்.”

அது பெரிய சட்ட நுணுக்கமாக எங்களுக்குப் பட்டது. மொட்டைப் பெட்டிசத்தைப் பதிவுத் தபாலில் போடுவதில் உள்ள கோளாறு படித்த எனக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் பலகையில் காசு வைத்தார்கள். நான் சட்டைப்பையில் கை விட்டபோது சலூன்காரர் தடுத்தார். “நீ வைக்கவேண்டாம் தம்பி. எழுத்தைத் தந்தனி, காணும்.”

திங்கட்கிழமை தபால் கந்தோரில் கிளாக்கர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அனுப்புறவற்ர பேரைக் காணேல்லை.”

“நலன் விரும்பிகள்” என்றேன்.

“அது பேரில்லைத் தம்பி. ரெஜிஸ்ரர் எண்டா ஆளின்ர பேரும் விலாசமும் வேணும். கெதியாச் சொல்லும், பின்னால சனம் நிக்குது.”

என் பெயரைச் சொல்ல முடியாது. அப்பாவின் பெயரையும் சொல்ல முடியாது. இல்லாத ஒருவனின் பெயரைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு உட்கார்ந்தால் நூறு பெயர் வருகிறது. அன்றைக்கு வாயில் வந்தது, நான் பத்துத் தடவை எழுதிய அந்தப் பெயர். விலாசம் கேட்டார். கல்லூரியைச் சொன்னேன். உறையின் மூலையில் தன் கையால் எழுதி, முத்திரை குத்தி, உள்ளே தள்ளிவிட்டார். கந்தோரில் உறையை யார் பார்க்கப் போகிறார்கள், கிழித்து எறிந்துவிடுவார்கள் என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பழக்கம் பார்க்க மைதானத்து வேலியோரம் நின்றேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், ஊருக்குள் திரிகிற மான்கள் நின்றதால் கலைத்துவிடும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கோச் லெஃப்ற் அவுட்டை வேலிப்பக்கமாகக் கூப்பிட்டார். என்னிலிருந்து பத்தடி இருக்கும். அவர் கையில் நான் எழுதிய கடதாசியும், அதோடு குத்தப்பட்ட உறையும் இருந்தன. கந்தோரிலிருந்து, ‘உமது மாணவனின் முறைப்பாடு’ என்று அதிபருக்குத் திருப்பி அனுப்ப, அவர் அதைக் கோச்சிடம் கொடுத்திருந்தார்.

“இது உன்ர பேர்தானே?”

“ஓம் சேர்.”

“எழுத்து உன்ர இல்லை எண்டு தெரியும். ஆரைக் கொண்டு எழுதுவிச்சனி?”

“நான் ஒண்டும் எழுதுவிக்கேல்லை சேர். எனக்கு விளங்கேல்லை.”

கோச் சத்தம் போடவில்லை. “துறைமுகத்து ஆளுக்கு இந்தமுறை முன்னுக்கு ஆள் தேவையில்லை, லெஃப்ற் பாக்தான் வேணும் எண்டு உனக்கு மட்டும்தான் சொன்னனான். வெளியில சொல்லாதை, மற்றப் பொடியளின்ர தாய் தேப்பன் வந்து நிப்பினம் எண்டும் சொன்னனான். உன்னைப் பாக்கில விட்டது ஆருக்காக? நான் பொறாமை பிடிச்சவன் எண்டு நீ கந்தோருக்கு எழுதுறாய்.”

அவன் உறையின் மூலையிலிருந்த தன் பெயரை இன்னொருமுறை எட்டி வாசித்தான்.

“ஆர் எழுதினது எண்டு சொல்லு. இப்பவே மறந்துபோறன்.”

அவனுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுவான்? தெரிந்தவன் நான். பத்தடி நடந்திருந்தால் போதும். அந்த வருடக் கடைசியில் எனக்குச் சோதனை. அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் அதிபரின் நற்சான்றிதழ் வேண்டும். எங்கள் வீட்டு மேசையை நினைத்தேன். அப்பாவின் பெருவிரலை நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கோச் திரும்பிப் போய்விட்டார்.

அவன் பதினொருவரில் இல்லை என்று தெரிந்ததும் சலூன் கொதித்தது. “பாத்தீங்களா, பெட்டிசம் சுட்டிருக்கு” என்றார் ஃபிற்றர். “அந்தக் கோபத்தில பொடியனை வெளியில இருத்திப்போட்டார். தம்பி, இன்னொண்டு எழுது.”

“சோதனை வருது அண்ணை” என்றேன். பெயர் கொடுத்த கதையை அவர்களிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மச்சன்று லெஃப்ற் பாக்கில் நின்றவன் ரவுண் கடைக்காரர் ஒருவரின் மகன். அவர்களுக்கு இரண்டு கடை. கந்தளாய்க்கு நெல்லேற்றப் போகிற லொறியும் இருந்தது. அவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் கோச் சொன்னபடி அந்தக் குதிரையை விட்டு அசையாமல் நின்றான். தரையில் உருட்டிய பந்து ஒன்று கடைசி நேரத்தில் கோலுக்குள் போனது. ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் வென்றோம். கோச்சைத் தோளில் தூக்கியவர்களில் ஃபிற்றரும் ஒருவர். கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு லெஃப்ற் அவுட் நின்றான். அவனும் கைதட்டினான்.

அடுத்த சனிக்கிழமை சலூன்காரர், “நான் அப்பவே சொன்னனான், தரையில உருட்டினாத்தான் பந்து” என்றார். ஃபிற்றர் மறுக்கவில்லை, அன்றைக்கு அவர் கழுத்தில் கத்தியும் இல்லை. நானா அடுத்த வருடத்துக் கோல் கீப்பரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கத்தரிக்கோல் யாரோ ஒருவரின் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் துறைமுகத்திலிருந்து வேலைக் கடிதம் லொறிக்காரர் வீட்டுக்குப் போனது.

லெஃப்ற் அவுட் பள்ளிக்கூடத்தை விட்டான். ஊருக்குப் போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்கு முன் வந்ததில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டான்.

“மச்சான், உன்ர எழுத்து நல்ல எழுத்தெண்டு எல்லாரும் சொல்லுவாங்கள். சேருக்கு ஒரு கடிதம் எழுதித் தாவன். அந்தப் பெட்டிசம் நான் போடேல்லை எண்டு. வேலை போனாப் போகட்டும். அவர் என்னை அப்பிடி நினைக்கக்கூடாது.”

பேனை மூடியைக் கழற்றினேன். என் எழுத்தை ஒருமுறை பார்த்த கோச் இரண்டாம் முறையும் பார்த்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

“இனி எழுதி என்ன பிரயோசனம் மச்சான்” என்றேன்.

“ஓம், அதுவும் சரிதான்” என்றான். அம்மா கொடுத்த பிளேன்ரீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான். அடுத்தநாள் துறையில் மூதூர் போகிற லோஞ்சில் ஏறினான். தகப்பன் இழுத்த வலையைத்தான் இப்போது அவன் இழுக்கிறான் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுகிறார்கள். பந்தைக் கண்டால் எழும்பிப் போய்விடுவானாம்.

எனக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. ‘நேர்மையானவர்’ என்று அதிபர் எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான் இப்போது ஒரு கந்தோரில் கிளாக்கராக இருக்கிறேன். பதிவுத் தபால்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன. உறையின் மூலையிலுள்ள பெயரைப் பார்த்து, அவன்தான் இதை எழுதினான் என்று நானும் கொப்பியில் பதிந்துகொள்கிறேன்.

சலூனில் அந்தப் பெட்டிசத்தைப் பற்றி இப்போது ஒருவரும் கதைப்பதில்லை. ஃபிற்றரைக் கேட்டால் எந்தப் பெட்டிசம் என்பார். கடதாசி, உறை, முத்திரை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து சதம் முடிந்தது. எழுதியவனிடம் வாங்காததால், ஆளுக்கு இருபத்தைந்து சதம்.