வாசலுக்கு வரும் வேன்

எங்கள் வேனில் குரோம்பேட்டை வரைக்கும் ஒரு கட்சி ஆட்சி செய்யும், குரோம்பேட்டை தாண்டினால் இன்னொரு கட்சி. எண்பதுகளின் கடைசியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர்களை வீடு வீடாக ஏற்றிப்போக எங்கள் விமானக் கம்பெனி விட்டிருந்த வேன் அது. பெருங்களத்தூரில் முதல் ஆளாக ஏறுபவர் ஒரு மெக்கானிக். அந்த வருடம் யூனியன் பொதுச் செயலாளர் தேர்தலில் எதிர்த்து நின்றவர். குரோம்பேட்டையில் ஏறுபவர் அப்போதைய பொதுச் செயலாளர், பல வருடங்களாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். அவரை நாங்கள் தலைவர் என்போம். மெக்கானிக்கை மெக்கானிக் என்றே சொன்னோம். ஜெயித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

பெருங்களத்தூரிலிருந்து மெக்கானிக் தலைவரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டு வருவார். குரோம்பேட்டையில் வேன் நின்று, கதவு திறந்து, விபூதி மணத்தோடு தலைவர் ஏறியதும் எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது கிடைத்துவிடும். மேற்குத் தாம்பரத்தில் ஏறும் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் இருந்தார். அதுவரை மெக்கானிக்குக்குத் தலையாட்டியவர், அதே வேகத்தில் தலைவருக்கும் ஆட்டுவார். மதில்மேல் பூனையாவது ஒரு பக்கம் குதிக்கும். இவர் கடைசிவரை குதிக்கவில்லை.

நான் செக்-இன் கவுண்டரில் இருந்தேன். வீடு சேலையூர். ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போக வேண்டிய வேன், என் ஒருத்திக்காகத் தாம்பரம் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே வந்து, என்னை ஏற்றிக்கொண்டு, மறுபடி கேட்டைத் தாண்டி மேற்கே போகும். கேட் மூடியிருந்தால் தொலைந்தோம். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று போகும், எதிர்ப்பக்கம் ஒன்று வரும், நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டே நகரும். இறங்கி நடக்கவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. தேர்தல் விவாதமெல்லாம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

"இன்னா மேடம், உங்களுக்கோசரம் டெய்லி ரெண்டு வாட்டி கேட்டாண்ட நின்னுகினு கீறோம்" என்பார் மெக்கானிக். "நான் பாட்டுக்கு ட்ரெயின்ல போனா இந்நேரம் டீ குட்ச்சிட்டு பேப்பர் படிச்சிகினு இருப்பேன்."

கேலியாகத்தான் சொல்வார். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருந்தது. பழைய சம்பள ஒப்பந்தம் முடிந்து புதியது போட வேண்டிய நேரம். நிர்வாகம் சொன்னது இதுதான்: வேன்களையெல்லாம் நிறுத்திவிடுகிறோம், அதற்குப் பதிலாகப் பயணப்படி தருகிறோம், சம்பளத்தையும் கொஞ்சம் தாராளமாக ஏற்றுகிறோம். வாங்கிக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். வேன் போராடி வாங்கிய உரிமை, அதை விட்டால் அடுத்து கேன்டீன் போகும், அதற்கடுத்து யூனிஃபார்ம் போகும் என்றார் தலைவர். யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் கையெழுத்துப் போடுவார்.

ஆண்களுக்கு அது லாப நஷ்டம் பார்க்கிற விஷயம். எனக்கு வேலையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மிஷன் ஸ்கூலில் டீச்சராக இருந்தவர். வீட்டிலிருந்து நடந்தே போய் நடந்தே வந்தவர். "ஏரோப்ளேன் வேலைன்னா நேரங்காலம் கிடையாதே, எப்படிப் போய் வருவா?" என்றார். "கம்பெனி வேன் வாசலுக்கே வரும்" என்றார் அப்பா, ஏதோ தானே அதை ஓட்டுகிற மாதிரி. "வேன் வர்ற வரைக்கும் சரி" என்று அத்தை காபியைக் கையில் எடுத்தார். கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த நாலு சொல்லை நான் மட்டும் தாலியோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

வேன் நிற்கப் போகிறது என்ற பேச்சு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. "யூனியன் எலெக்ஷனாமே?" என்று கணவர் கேட்டபோது, "அது ஆம்பளைங்க விவகாரம்" என்று சொல்லிவிட்டு ரசத்தைத் தாளிக்கப் போனேன். வேன் நின்றால் என்னை அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்டால் ஒரு பதில் வந்துவிடும். கேட்காதவரை வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, காலையில் கட்டிக்கொள்ள இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் சேலை இருக்கிறது. இது கோழைத்தனம் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த வீட்டில் என்னோடு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒருநாள் கேட்டில் கூட்ஸ் வண்டி நடுவழியில் நின்றேவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "மெட்ராஸ் முய்க்க இங்கயே நிக்கிது சார், பேஜாரு" என்று பீடியைத் தேடினார். மெக்கானிக் வழக்கம்போல ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு அலவன்ஸ் வந்தா போதும். வேன் நின்னா எங்களை மாதிரி லேடீஸெல்லாம் வேலையை விட்டுட்டு வீட்ல உட்காரணும். தெரியுமா உங்களுக்கு?"

கணக்குப் பிரிவுக்காரர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டார். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. வேன் வோணும்னு கேக்காதீங்க. வேலைக்குப் போவேன்னு வூட்ல சொல்லுங்க. நீங்க வேனைக் கேட்டீங்கன்னா கம்பெனிக்காரன் வேனைத்தான் குடுப்பான்."

"உங்களை வேலைக்குப் போகக் கூடாதுன்னு உங்க வீட்ல யாராவது எப்பவாவது சொல்லியிருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"இல்ல."

"அப்போ பேசாம வாங்க."

அவர் பேசாமல்தான் வந்தார். ஜெயித்துவிட்டேன் என்ற கெத்தில் நான் பல்லாவரம் வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சண்டை எப்படியோ தலைவர் காதுக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோயிருப்பார் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. மறுநாளே என் கவுண்டர் பக்கம் வந்து நின்றார். "ஏம்மா, ஜெனரல் பாடி மீட்டிங்ல நீ ரெண்டு வார்த்தை பேசணும். நாங்க ஆயிரம் பேசினாலும் ஒரு பொண்ணு எழுந்து சொல்ற மாதிரி வராது." எனக்கு மைக் என்றாலே ஃப்ளைட் அறிவிப்புதான் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். என் வேலையை நான்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்?

கூட்டம் பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழை மரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மணமக்கள் உட்கார்ந்த இடத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் நன்றாகத்தான் பேசினார். பெட்டி ஏற்றும் லோடர்கள் விசில் அடித்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். வேன் இல்லாவிட்டால் ஒரு பெண்ணும் வேலைக்கு வர முடியாது, எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள் என்றேன். பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டு வந்து, சிரித்த முகத்தோடு கவுண்டரில் நிற்க எங்களால் ஆகாது என்றேன். வாசலிலிருந்து வாசலுக்கு எங்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது யூனியனின் கடமை என்றேன். இதில் பாதியை நானே நம்பவில்லை. கல்லூரிக்கு நான் ரயிலில் இடிபட்டுத்தான் போனேன், நன்றாகவே சிரித்துக்கொண்டு போனேன். ஆனால் கைதட்டல் அப்படி வந்தது! சானடோரியத்தில் ஏறும் டெலிபோன் ஆபரேட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் மனசுல இருக்கறதை அப்படியே சொல்லிட்டீங்க" என்று கண் கலங்கினாள்.

தலைவர் ஜெயித்தார். பெண்களின் ஓட்டு முழுக்க அவருக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒப்பந்தமும் கையெழுத்தானது. தலைவர் பழம் தின்று கொட்டை போட்டவர். நிர்வாகத்தையும் பகைத்துக்கொள்ளவில்லை, எதிர்க்கட்சியையும் பட்டினி போடவில்லை. ஆண்களுக்கு வேன் கிடையாது, பயணப்படி. பெண்களுக்கு மட்டும் வேன் தொடரும். அதோடு, பெண் ஊழியர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, வேன் போகாத இடத்திலோ வேன் ஓடாத நேரத்திலோ அவர்களை வேலைக்குப் போடக் கூடாது. அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு நாங்கள் பெண்கள் எல்லோரும் கேன்டீனில் கேசரி வாங்கிச் சாப்பிட்டோம். நான் வெற்றி வீராங்கனை போல இரண்டு கப் சாப்பிட்டேன்.

வேன் காலியாயிற்று. இரைச்சலும் திட்டும் தலையாட்டலுமாக இருந்த வண்டியில் மூன்று பெண்களும் டிரைவரும் மட்டும். ஆபரேட்டர் ஏறியதும் தூங்கிவிடுவாள். பல்லாவரத்துப் பெண் ஜெபப் புத்தகம் படிப்பாள். கேட் மூடியிருக்கும்போது எங்கள் முன்னால் எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும். ஒருநாள் அதன் வாசலில் மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் கணக்குப் பிரிவுக்காரர், இன்னும் இரண்டு பேர். மெக்கானிக் ஏதோ சொல்ல எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எங்கள் வேனைப் பார்த்துக் கை காட்டினார். நானும் கண்ணாடிக்கு உள்ளிருந்து காட்டினேன். தோற்றவர்கள் காற்று வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஜெயித்த நான் கேட்டில் அடைந்து கிடக்கிறேன் என்று தோன்றியது. அன்றைக்கு அதைச் சிரித்து ஒதுக்க முடிந்தது.

தொண்ணூறுகள் தொடங்கியதும் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய முறை வந்தது. ட்யூட்டி ஆபீசர். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளல்ல. ஒரு ஷிப்ட் முழுவதையும் கையில் வைத்து நடத்துபவள். விமானம் தாமதமானால் பயணிகள் யாரைத் தேடி வந்து கத்துவார்களோ அந்த ஆள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று வெறியே இருந்தது. கத்துபவர்களைச் சமாளிக்க எனக்கு நன்றாக வரும். வேலை என்னைவிட ஜூனியர் பையன் ஒருவனுக்குப் போயிற்று. நான் கவுண்டர் வேலை கற்றுக்கொடுத்த பையன்.

தலைவரிடம் போனேன். அவர் பதறவில்லை. "ட்யூட்டி ஆபீசர்னா விடியறதுக்கு முன்னாடி ஷிப்ட் உண்டும்மா. அந்த நேரத்துக்கு வேன் கிடையாது. அக்ரிமெண்ட்படி உன்னைப் போட முடியாது."

"நான் ட்ரெயின்ல வந்துக்கறேன் சார்."

"அதெப்படி? ஒருத்தி வந்தா நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லுவான். வேனையே தூக்கிடுவான். நீ கேட்டு வாங்கினதும்மா இது. நீயே உடைக்கலாமா?"

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் மைக் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை. அத்தை முற்றத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்த கேள்வி தானாக வெளியே வந்து விழுந்தது.

"அத்தை, அப்போ வேனை நிறுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எப்போ?"

"அந்த எலெக்ஷன் சமயத்துல. வேன் நின்னுபோயிருந்தா?"

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன பண்றது? ட்ரெயின்ல போயிருப்ப. அவன் சைக்கிள்ல ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டிருப்பான். இதுக்காக யாராவது கையில இருக்கற வேலையை விடுவாளா?"

"பொண்ணு பார்க்க வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, வேன் வர்ற வரைக்கும் சரின்னு."

"நானா?" அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. "சொல்லியிருப்பேன். பொண்ணு பார்க்கப் போனா ஏதாவது ஒண்ணு கேக்க வேண்டாமா?"

தூணைப் பிடித்துக்கொண்டு, "அப்படீன்னா நான் இனிமே ட்ரெயின்லயே போறேன். யூனியனோட சண்டை போட்டாவது அந்த ட்யூட்டி ஆபீசர் வேலையை வாங்கறேன். விடியறதுக்கு முன்னாடி கிளம்ப வேண்டியிருக்கும்" என்றேன்.

அத்தை நாரைக் கிள்ளி ஓரமாகப் போட்டார். "இப்போ எதுக்கு அதெல்லாம்? அதான் வாசலுக்கே வேன் வருதே. உங்க யூனியனே பொம்பளைங்க அப்படித்தான் போகணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஊர்ல யாருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்?"

"அம்மா சொல்றது சரிதானே" என்றார் கணவர், பேப்பரைத் தாழ்த்தாமல்.

எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைவதற்கு அந்த வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஒப்பந்தங்கள் வந்தன. கேன்டீன் சலுகை போயிற்று, யூனிஃபார்ம் துணி போயிற்று, மெக்கானிக் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். பெண்களுக்கான வேனை மட்டும் எந்தத் தலைவரும் தொடவில்லை. நான் கவுண்டரிலிருந்து ஓய்வு பெறும்வரை அது ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, வாசலில் நின்று, ஹாரன் அடித்தது.