சங்கத்துக்குக் காய்ச்சிய பால்

அருள்மேரி போன் செய்தபோது நான் பித்தளைக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, சார் நம்ம மாடிப்படியில ஒக்காந்தாரு. எந்திரிக்கலக்கா" என்று அழுதாள். அரியலூரில் அவள் வீட்டு மாடியைத்தான் நம் வரலாற்று ஆய்வுச் சங்கத்துக்கு லீசுக்குப் பேசி முடித்திருந்தார் என் வீட்டுக்காரர். சாவி வாங்கப் போனவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். புது இடத்தில் பால் காய்ச்சத்தான் நான் குண்டானை விளக்கிக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் இந்த மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று தலைவர் ஐயா கேட்டார். நான் அஞ்சாவது வரை படித்தவள். கல்வெட்டு படிக்கிற உங்களுக்கு என் எழுத்து எதற்கு என்று முதலில் நினைத்தேன். பிறகு, எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

சங்கத்தின் முதல் இடம் அரியலூரில் ஓர் உரக்கடை மாடி. மூட்டை வாடை மூக்கைத் துளைக்கும். அங்கே நான் அடுப்புப் பற்றவைத்ததும் தலைவர் ஐயா எழுந்து பேசினார். "பால் பொங்குறதுக்கும் ஆராய்ச்சிக்கும் என்னம்மா சம்பந்தம்? நாமளே இந்த மூடத்தனத்தப் பண்ணலாமா?" எல்லோரும் கை தட்டினீர்கள். பால் பொங்கியதும் முதல் டம்ளர் அவர் கைக்குத்தான் போனது. "இன்னும் கொஞ்சம் சக்கர போடுங்கம்மா" என்றார். பஸ்ஸில் வரும்போது நான் முணுமுணுத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "விடு. பால் காய்ச்சாத எடம் வாடக எடம். காய்ச்சிட்டா நம்ம எடம். அவங்க பேசிட்டுப் போயிடுவாங்க, நாமதான அங்க கெடக்கப்போறோம்."

பிறகு பெரம்பலூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று சங்கம் பெரம்பலூருக்குப் போனது. அரியலூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டதும் திரும்பி வந்தது. இரண்டு தடவையும் பீரோவையும் புத்தகக் கட்டுகளையும் டெம்போவில் ஏற்றியது அவரும் நானும்தான். உங்களில் ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்குக் கல்யாண வீடு. நாற்காலி போட்டு முடித்த பிறகு சரியாக வந்து சேர்ந்தீர்கள். புத்தகத்தைப் படித்தவர்கள் நீங்கள், தூக்கியவர் அவர். ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் தலைவர் ஐயா செந்துறைக்கு எங்கள் வீடு தேடி வந்தார். புது இடத்துக்கு என் வீட்டுக்காரர் பேரை வைக்கப்போவதாகச் சொன்னார். காப்பி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"பால் காய்ச்சுறது இந்தத் தடவ என் மிசஸ் பாத்துக்கட்டும்மா. நமக்கு அதுலல்லாம் நம்பிக்க கெடையாது. ஆனா நாலு பேரு குடும்பத்தோட வருவாங்க, எதாச்சும் சொல்லுவாங்க. நீங்க முன் வரிசையில ஒக்காந்திருங்க."

எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "அந்தக் குண்டான மட்டும் குடுத்து வுடுங்க. ராசியான பாத்திரம்."

தாலி இறங்கியவள் ஆகாது, அவள் பாத்திரம் மட்டும் ஆகுமாம். என்னைப் போலப் படிக்காதவள் சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறாள் என்று விட்டிருப்பேன். மேடைக்கு மேடை மூடநம்பிக்கை என்று முழங்கிய வாய் இது.

"நாளைக்குக் குடுத்து வுடுறேன்" என்றேன்.

அவர் போனதும் குண்டானைப் பையில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். அருள்மேரி வாசலிலேயே நின்றாள்.

"நான் காய்ச்சலாமா மேரி? ஒன் வூடு. ஒனக்கு மனசு சங்கடமா இருந்தா சொல்லிடு."

"என்னக்கா கேள்வி இது? எங்க வூட்டுக்காரரு போனப்புறந்தான் நான் இந்த மாடியே கட்டுனேன். இடிஞ்சா வுழுந்துருச்சு? சாவிய இன்னும் யாருகிட்டயும் குடுக்கல. ஏறுங்க."

காலி அறையில் அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. ஒரு டம்ளரை அவர் உட்கார்ந்த படியில் வைத்தேன். மீதியை நாங்கள் இருவரும் குடித்தோம்.

மறுநாள் சொன்னபடி குண்டானை அனுப்பிவைத்தேன். திறப்பு விழாவில் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், பார்த்திருப்பீர்கள். தலைவர் மனைவி மேல் எனக்குக் குறை இல்லை, பாவம், சொன்னதைச் செய்தார். நீங்கள் எல்லோரும் குடித்தது அந்த இடத்தின் இரண்டாவது பால்.

குண்டான் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அடிப்பிடித்திருந்தது, தேய்த்து வைத்துவிட்டேன். இனி அது வராது. அடுத்த இடம் மாறும்போது கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் குண்டானும், உரக்கடையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் சொன்ன சொல்லும்தான். அந்தச் சொல்படி பார்த்தால் அந்த மாடி எங்கள் இடம். நீங்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறீர்கள்.