“ஃபால்ல இருக்கேன்”

பஹ்ரைனில் அக்டோபரிலும் காரை விட்டு இறங்கினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். அந்த மாதத்தில்தான் மாலின் மேல்மாடிக் கடைகளில் கம்பளிக் கோட்டுகள் வந்து நிற்கும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டும் தோல் கையுறையுமாகப் பொம்மைகள். இந்த வெயிலில் யார் வாங்குவார்கள் என்று முதல் வருஷம் சிரித்தேன். குளிர்காலத்தில் லண்டன் போகிறவர்கள் வாங்குவார்கள் என்றார் என் கணவர். அடுத்த வருஷம் நான் சிரிக்கவில்லை. நின்று பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் குடியிருந்த குதைபியாவிலிருந்து மாலுக்குக் கிளம்புவோம். கணவர் தள்ளுவண்டியோடு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போவார். நானும் மகளும் மேலே போவோம். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்குள் இருந்த ஒரே விதி. அதனால் எல்லா உடைகளையும் ஒரே மாதிரி ரசிக்க முடிந்தது.

“பர்கண்டியாம்மா இது.”

“அரக்குடி. என் கல்யாணப் புடவை.”

“அப்ப இந்த டீல் கலர்?”

“மயில் கழுத்து. உன் அத்தை கட்டினா அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பாங்க.”

நிறங்களுக்கு அந்தக் கடைகள் வைத்த பெயர்களை அவள் சொல்வாள், நான் புடவைக் கடைப் பெயர்களைச் சொல்வேன். இப்படி ஒரு வரிசை முழுவதையும் பார்த்து முடிப்போம்.

எனக்குப் பிடித்தது கோட்டின் உட்புறம். ஒரு கரிச் சாம்பல் நிறக் கோட்டை அங்கிருந்த பிலிப்பினோ பெண் எங்களுக்காக ஒருமுறை விரித்துக் காட்டினாள். உள்ளே செங்கல் நிறத்தில் பட்டு. போட்டிருப்பவளுக்கு மட்டுமே தெரியக்கூடிய இடத்தில் அவ்வளவு அழகு. தோள் தையலை விரலால் தடவினேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. வாங்க மாட்டோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எங்களைப் பார்த்ததும் அந்தக் கோட்டின் பக்கம்தான் நடப்பாள்.

நான் இயல்பிலேயே பயந்தவள். மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் லிஃப்டில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். அவள் கையை உருவிக்கொள்வாள்.

அது தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட்டை ஒட்டி ஒரு தையல்காரர் இருந்தார். உடைகளைப் பிடித்துத் தருவார், புடவைக் கரையின் உட்புறம் ஃபால்ஸும் அடிப்பார். புதுப் புடவையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் கொத்தமல்லி வாங்க ஓடினேன். பின்னாலிருந்து மகள் சொன்னாள்: “நான் ஃபால்ல இருக்கேன்மா. முடிச்சிட்டு வந்துடு.”

பரவாயில்லையே, பெண் பொறுப்பாகப் புடவையை வாங்கிவைக்கப் போகிறாள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

திரும்பி வந்தபோது தையல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தொழுகைக்குப் போயிருப்பார், இவள் பக்கத்தில் எங்காவது நிற்பாள் என்று நினைத்தேன். அவர் வந்தார். மகள் வரவில்லை. “பேட்டி இதர் மாஃபி, தீதி,” பெண் இங்கே இல்லை என்று அவர் கையை விரித்தார்.

கழிவறைகளைப் பார்த்தேன், நகரும் படிகளின் அடியில் பார்த்தேன். கணவர் தள்ளுவண்டியை நடுவழியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“மேல போயிருப்பா. பார்த்தியா?”

“மேல எதுக்குங்க போறா? ஃபால்ல இருக்கேன்னு வாயால சொன்னா.”

அவர் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினார். நான் காவலாளியிடம் மாம்பழ நிறக் குர்தா, ஜீன்ஸ், ஒற்றைப் பின்னல் என்று சொன்னேன். ஒலிபெருக்கியில் என் மகளின் பெயர் வந்தது. நான் தேடித் தேடி வைத்த பெயர் அது. அறிவித்தவர் அதை எங்கேயோ நீட்டி எங்கேயோ குறுக்கியதில் எனக்கே யாருடைய பெயரோ போல இருந்தது.

கால் தன்பாட்டில் மேல்மாடிக்குக் கொண்டுபோனது. மாம்பழ நிறத்தை மட்டும் தேடிக்கொண்டு நடந்தேன். நாங்கள் வாராவாரம் பார்க்கும் கடைக்குள் கண்ணாடி முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி நின்றாள். கரிச் சாம்பல் கோட்டு. கூந்தல் காலருக்குள் போயிருந்தது. அந்த நிலையிலும் என் கண் பார்த்துவிட்டது, தோள் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று. யார் பெற்ற பெண்ணோ, கொடுத்துவைத்தவள் என்று நினைத்தபடி தாண்டிப் போய்விட்டேன்.

“ம்மா, எங்க போற? எப்படி இருக்கு சொல்லு.”

திரும்பினேன். என் பெண்.

“எங்கடி போன?”

“ஃபால்லதான் இருக்கேன்னு சொன்னேனே.” காட்சிக் கண்ணாடியைக் காட்டினாள். அவள் உயரத்துக்கு ஆங்கிலத்தில் பொன்னிற எழுத்துகள்: ஃபால் கலெக்‌ஷன். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாகத் துணிகளைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் இருந்ததைப் படித்ததில்லை.

“ஃபால்ஸ்னா புடவைக்கு அடிக்கிறதுடி.”

“இது சீசன்மா. இலையெல்லாம் விழும்ல, அந்த ஃபால்.”

“இங்க எங்கடி இலை விழுது?”

என்ன பேசுகிறோம் என்று புரியாமலே கடைப்பெண் சிரித்தாள். கோட்டுக்குள்ளிருந்து பேசிய அந்தக் குரல்தான் என் குழந்தையுடையது. மற்றபடி அங்கே நின்றது ஒரு முழுப் பெண். சின்னப் பெண்ணைத் தேடிக்கொண்டு இவளைத் தாண்டிப் போயிருந்தேன். அவள் கோட்டின் கைப்பகுதியை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கணவர் சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்தார். அவரும் ஒரு கணம் அவளைத் தாண்டிக் கடைக்குள் தேடினார். பிறகு பார்த்தார்.

“இதைப் போட்டுக்கிட்டு நம்ம பில்டிங் மாடிப்படி ஏறுவியா?” என்றார்.

“லிஃப்ட்ல போவேன்ப்பா.”

“மேம், லாஸ்ட் பீஸ்,” என்றாள் கடைப்பெண் என் பிடியைப் பார்த்து.

“நான் கீழ போய்ப் புடவையை வாங்கிட்டு வரேன்,” என்றார் கணவர். “ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. இங்கன்னா இந்த இடம். தமிழ்லதான் சொல்றேன்.”

அவர் போனார். மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“ம்மா, கையை எடு. கசங்கிடும். அவங்களுது.”

“எடுக்கிறேன், எடுக்கிறேன்,” என்றேன். எடுக்கவில்லை. அன்று அவளும் கையை உருவிக்கொள்ளவில்லை.