மீன்கத்தியில் இருந்த இலக்கம்

என் குசினிக் கத்தி ஒரு காலத்தில் யப்பான் படையின் வாளாக இருந்தது. இதைச் சொன்னால், நாங்கள் வந்து குடியேறிய இந்தப் பிரெஞ்சு பேசுகிற ஊரில் பிறந்த பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனாலும் என் வீட்டில் இருக்கிற பொருள் என்னவென்று எனக்குத் தெரியும்.

என்னைப் பெற்ற ஐயா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். யப்பான்காரன் ஆண்ட காலமும் அங்கேதான் இருந்தார். சண்டை முடிந்து ஊருக்கு வந்தபோது படுக்கைச் சுருளுக்குள் ஒரு வாளும் வந்தது. பொலிஸ் வந்தால் என்ன செய்வது என்று அம்மா அதைக் கொல்லரிடம் கொடுத்து, பிடிப் பக்கமாக ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட விட்டு வெட்டுவித்தார். பூவரசங் கட்டையில் பிடி போடுவித்தார். மிச்ச இரும்பு கொல்லருக்குக் கூலியாய்ப் போயிற்று. அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். கலியாணத்தோடு எனக்கு வீடும் அந்தக் கத்தியும் வந்தன. அண்ணைக்கு ஐயாவின் கதை போயிற்று.

கதை இதுதான். யப்பான் தோற்ற அன்று ஒரு பெரிய அதிகாரி ஐயாவைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த வாளைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தானாம். தான் காய்ச்சலில் கிடந்தபோது ஐயா கஞ்சி அனுப்பியதற்கு நன்றியாம். மலாயாவில் ஐயா யப்பான்காரனுக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர் என்று பேச ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களின் வாயை அடைத்தது இந்தக் கதைதான். அதனால் அது எங்களுக்கு வெறும் கதையாக இருக்கவில்லை.

போன கோடையில் அண்ணைக்கு ஓர் எண்ணம் வந்தது. அவர் நகரத்துக்கு வெளியே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகனோடு பெரிய வீட்டில் இருக்கிறார். முன்னறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்வித்து, ‘யப்பான் படை அதிகாரி எங்கள் ஐயாவுக்கு வழங்கிய வாள்’ என்று பித்தளைத் தகட்டில் வெட்டுவித்து, கத்தியை உள்ளே வைக்கப்போகிறாராம். கறையெல்லாம் போக்கித் தீட்டி வை என்று எனக்கு உத்தரவு. எனக்கு மனமில்லை. அறக்குளா மீனை முள்ளோடு துண்டு போட அதைப்போல ஒரு கத்தி இந்த ஊரில் இல்லை. ஆனாலும் ஐயாவின் மரியாதை என்று ஒத்துக்கொண்டேன்.

கோடையில் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தெருவுக்கு மணி அடித்துக்கொண்டு ஒரு வான் வரும், கத்தி தீட்டுகிற வான். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த மகளையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பிரெஞ்சு அவளுக்குத்தான் வரும். வான்காரர் நரைத்த மனிதர். கத்தியை வாங்கியவர் தீட்டவில்லை. அலகில் ஓடுகிற பள்ளத்தை விரலால் தடவினார். மீன் செதில் போய் ஒட்டிக்கொள்கிற பள்ளம் அது. எத்தனையோ தடவை அதை ஈர்க்கால் கிண்டிக் கழுவியிருக்கிறேன். பிறகு பிடிக்குக் கிட்ட உள்ள இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்தார்.

“அம்மா, இது கத்தியில்லையாம், யப்பான் வாளாம்,” என்றாள் மகள்.

“அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ? தீட்டச் சொல்லு.”

மனிதர் விடவில்லை. பழைய வாள்களைச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். அலகில் வரிசையாகக் குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டினார். நம்முடைய சாதாரண இலக்கம்தான். அதை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன், கொல்லர் குத்தியது என்று நினைத்திருந்தேன். மகள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். யப்பான் அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்குவார்களாம். அதில் செய்தவனின் பெயர் பிடிக்குள் மறைந்திருக்கும். சிலர் பிடியின் தலையில் தங்கள் குடும்பக் குறியை வெள்ளியில் பதிப்பார்கள். அலகில் இலக்கம் குத்தியது படை கொடுக்கிற வாள், அதிகாரிக்குக் கீழே உள்ள சாஜன்மாருக்குக் கொடுப்பது. உறைக்கும் அதே இலக்கம் இருக்குமாம்.

அன்று பின்னேரமே அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சீறினார்.

“கத்தி தீட்டுறவன் சொல்லுறதையோ நம்புறாய்? பிடியைக் கழட்டிப் பாத்தனீயே? பேர் உள்ளுக்க இருக்கும்.”

“நீங்கள் ஒரு நாளாவது மீன் வெட்டியிருந்தால் இலக்கத்தைக் கண்டிருப்பியள், அண்ணை.”

வான் திரும்ப வந்தபோது பிடியையும் கழற்றுவித்தேன். உள்ளே துருவைத் தவிர ஒன்றுமில்லை.

அதன் பிறகு எனக்கு வந்த யோசனையை நான் மகளிடம்கூடச் சொல்லவில்லை. அதிகாரி இல்லை, சாஜன் என்பது பெரிய விஷயமில்லை. அந்த நாளில் வாள் கட்டிக்கொண்டு ரயிலால் இறங்கினவன் எவனுக்கும் குனியத்தான் வேணும் என்று அம்மா சொல்லுவார். குனிந்தவருக்கு வாள் மட்டும்தானே தெரியும், எல்லோரும் ஒபிசர்தான். என்னைக் குடைந்தது வேறு. அதிகாரியின் வாள் அவனுடையது, விரும்பினவருக்குக் கொடுக்கலாம். இலக்கம் குத்தின வாள் படையுடையது. சாஜன் அதைக் கொடுக்கலாமா? தோற்றவர்கள் கொண்டுவந்து போட்ட ஆயுதங்கள் ஐயாவின் ஸ்டேசனிலும் குவியலாய்க் கிடந்திருக்குமே. அதில் ஒன்றை ஐயா எடுத்துக்கொண்டு வந்திருந்தால்? வாள் எப்படிப்பட்டவனுடையது என்று இலக்கம் சொல்லிவிட்டது. கை மாறிய விதத்தை அது சொல்லாது. அது ஐயாவுக்குத்தான் தெரியும்.

அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அறக்குளாக் குழம்பு சாப்பிட்டார். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, யன்னலடியில் நின்று, இலக்கத்தை நகத்தால் வருடி வருடிப் பார்த்தார். தகட்டுக்காரனை நிற்பாட்டிப்போட்டேன் என்றார். கத்தியைக் கொண்டுபோக அவர் கேட்கவில்லை.

குளிர் தொடங்கும்போது உறவுக்காரக் கலியாணம் ஒன்று வந்தது. சாப்பாட்டு மேசையில் யாரோ கேட்க, அண்ணை கதையைத் தொடங்கினார். என் கையில் சோறு அப்படியே நின்றது.

“அவன் ஒரு சாஜன்,” என்றார். “ஒபிசர் எண்டால் தன்ர காசிலை வாங்கினதைக் குடுப்பான், அதிலை என்ன இருக்கு? இது இலக்கம் குத்தின ஆமி வாள். பிடிபட்டால் அவன்ர தோலை உரிச்சிருப்பாங்கள். அப்பிடியிருந்தும் எங்கட ஐயாவுக்குக் குடுத்தவன்.”

முன்பு அந்தக் கதைக்குத் தலையாட்டுவார்கள். இப்போது சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஒரு பெட்டைப்பிள்ளை கண்ணைத் துடைத்ததையும் கண்டேன். அண்ணை கதையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கேளுங்கோ, இலக்கத்தைக் கண்டுபிடிச்சதே இவள்தான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குவியலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அண்ணையும் அதை யோசித்திருப்பார். யன்னலடியில் அவர் நின்ற விதம் எனக்குத் தெரியும். ஓம், நான்தான் என்று சொல்லிவிட்டு, ரசத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.