பால் பூத்தில் இருந்த கிணறு

மைசூருக்கு வந்த புதிதில் நானும் என் நண்பனும் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தோம். இருவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர், இருவரும் எழுதுகிறவர்கள், யுத்தம் இருவரையும் துரத்திவிட்டது. ஊர் மறந்துபோகக் கூடாதென்று, குடியிருந்த தெருவையே ஊராக்கிக்கொண்டோம். தெருமுனைதான் சந்தி. மருந்துக்கடைதான் பிள்ளையார் கோயில். அங்கே வலப்பக்கம் திரும்பினால் வரும் பால் பூத், அவன் வீட்டுக் கிணறு. மாலை நேரங்களில் அந்த வழியே நடந்துதான் அவன் ஊரைப் பற்றி எழுதும் தன் நாவலை எனக்குச் சொல்லுவான். எது எங்கே இருந்ததென்று தினமும் சண்டைதான், ஆனால் ஒருநாளும் நடக்காமல் விட்டதில்லை.

சென்ற மாதம் ராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் ஊர்க் காணிகளை விடுவித்தது. அவனுடைய தங்கை அங்கே போய் நின்று வீடியோ காலில் அழுதாள்.

"அண்ணை, ஒண்டுமில்லை. வீடில்லை, வேலியில்லை, எல்லாம் பத்தைக்காடு. கோயில் அத்திவாரம் மட்டும் கிடக்கு. நீங்கள் சொன்ன மாதிரி வலப்பக்கம் போனன், கிணத்தைக் காணேல்லை."

அவன் முகம் செத்துவிட்டது. "அப்ப நான் எழுதினதெல்லாம் பொய், மச்சான். நாவலைக் கிழிச்செறியப் போறன்."

எனக்கு வந்ததே கோபம்! "விசர்க்கதை கதையாதை! எழும்பு, நடப்பம்" என்று அவனைத் தெருவுக்கு இழுத்துப் போனேன். மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தங்கை இன்னும் லைனில்தான் இருந்தாள்; அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"பிள்ளை, நீ எந்தப் பக்கத்தால வந்தனீ?"

"ஆமி போட்ட புது ரோட்டால. கடற்கரைப் பக்கமிருந்து."

அட கடவுளே! நாங்கள் எப்போதும் சந்தியிலிருந்து நடந்தவர்கள். அவளோ எதிர்ப்புறமிருந்து வந்திருக்கிறாள்.

"அப்ப இடப்பக்கம் போ!" என்று கத்தினேன். என் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு அவன் பால் பூத்தை நோக்கி ஓடினான். அங்கே அவள் புதர்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். "இன்னும் போ, இன்னும்" என்றான் இவன். பூத்துக்காரர், கர்நாடகத்து ஹனூர் ஊர்த் தமிழர், தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார், எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"தொலைச்சதைத்தான் எடுக்கிறம்!" என்றேன்.

"அண்ணை, கிணத்துக்கட்டு காலிலை தட்டுது!"

"கல்லொண்டைப் போடு, பிள்ளை."

தெரு இரைச்சலுக்கு நடுவே மூன்று பேரும் போனில் காதை வைத்தோம். சற்றுப் பொறுத்து, 'தொபுக்'கென்று தண்ணீர் சொன்னது. என் நண்பன் பூத்துப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான். பூத்துக்காரரும் ஒன்றும் புரியாமலே சிரித்தார்.

"இப்ப சொல்லு, கிழிக்கப் போறியோ?" என்றேன்.

"போடா விசரா" என்று கண்ணைத் துடைத்தான். "வீட்டுக்கு நட. எழுத வேணும்."